தப்பு அண்ணாச்சி

ஒரு ஸ்டிக்கருக்காக என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. மாற்று வேட்டி, பிரஷர் மாத்திரை, கொசுவர்த்தி எல்லாம் ஒரு பையில் போட்டு பீரோவுக்கு மேல் வைக்கிற அளவுக்கு நம்பினேன். ஐம்பதைத் தொடப்போகிறவன் நான். அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சிசிடிவி கேமரா மாட்டி, "இனிமே பயப்படாம தூங்குங்க" என்று சொல்லிக் காசு வாங்குகிறவன். லாக்கப்பில் கொசுவர்த்தி கொளுத்த விடுவார்களா என்று யோசிக்கிற புத்திகூட எனக்கு அப்போது இல்லை.

அந்த ஸ்டிக்கரில் இருந்தவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் வாட்ஸப் குரூப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தப்பு அண்ணாச்சி என்றால் எல்லாருக்கும் தெரியும்.

குரூப்புக்குப் பெயர் 'ஓவர்ஹீட்'. ஒரு சித்திரை மாதம் பைக் ஹேண்டிலில் மாட்டியிருந்த என் போன், பாலவனத்தம் தாண்டும்போது மேப்பைக் காட்டிக்கொண்டே செத்துப்போனது. குற்றவாளி பிராசஸரா, பின்னால் போட்டிருந்த ரப்பர் கவரா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். சண்டை போடத் தனியாக ஒரு இடம் வேண்டும் என்று நான் குரூப்பை ஆரம்பித்தேன். பிறகு போன், கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர், டிரோன் என்று எதைத் தொட்டாலும் கிறுக்குப் பிடிக்கிற ஆட்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். வருசத்தில் நாலு தூறல் விழுகிற ஊர் இது. தண்ணீர் புகாத போனை வாங்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. வாதத்தில் தோற்றவர் தன் முகப்படத்தை எடுத்துவிட்டு, சீமைக்கருவேல மரத்தின் படத்தை வைக்க வேண்டும். அடுத்த ஆள் தோற்கும்வரை மரம் அவர் பெயரில்தான் நிற்கும். ஊர் முழுக்க மண்டிக் கிடக்கிற, யாருக்கும் வேண்டாத மரம் அதுதானே. சண்டை தீராவிட்டால் ஓட்டெடுப்பு நடத்துவோம். அட்மின் என்கிற முறையில் தீர்ப்பு சொல்வது நான்.

அண்ணாச்சி பிறந்தது அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர்கள் தெருவில். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். திருச்சுழியில் பம்புசெட் மோட்டார் கடை வைத்ததால் ஊர் அவரை அண்ணாச்சி ஆக்கிவிட்டது. நாங்கள்தான் முன்னால் 'தப்பு' சேர்த்தோம். தெலுங்கிலும் தப்புக்குத் தப்புதான் என்பதை அவரே சொல்லித் தெரிந்துகொண்டோம்.

யார் எதை எழுதினாலும் முதலில் அந்த ஒற்றைச் சொல் வந்து விழும். தப்பு. பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி. அப்புறம் மேலே 'டைப் செய்கிறார்' என்று காட்டும். காட்டிக்கொண்டே இருக்கும். நாம் என்ன பாவம் செய்தோம் என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டீ ஆறிப்போன பிறகு ஒரு நீளக் கட்டுரை வந்து இறங்கும்.

அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் இருக்கும். யாராவது எடுத்துக் காட்டினால் கொஞ்சமும் கூசாமல், "தப்பு. நான் சொன்னதும் தப்பு" என்று எழுதிவிட்டுத் தன்னையே திருத்த ஆரம்பிப்பார். அந்தக் கட்டுரை முதல் கட்டுரையைவிட நீளம். தப்பு யாருடையது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. அது திருத்தப்படாமல் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான். கடைவாசலில் ஆணி கிடந்தால் யார் போட்டது என்றா பார்ப்போம், எடுத்து ஓரமாகப் போடுவோமே, அந்த மாதிரி.

மல்லாங்கிணறுக்காரர் ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார். "தப்பு. மணி பன்னெண்டு அஞ்சு." அவர் அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியேறினார். 'வெளியேறினார்' என்று வாட்ஸப் காட்டியதற்குக் கீழேயும் அண்ணாச்சி எழுதினார்: "தப்பு. வெளியேத்தினது நான்."

எங்களுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். பாலவனத்தத்தில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற செல்வி டீச்சர் ஒருமுறை கேட்டார். "அண்ணாச்சி, வீட்டுல அக்காகிட்டயும் இப்படித்தானா?"

"தப்பு. வீட்டுல அவதான் எனக்குச் சொல்லுவா."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரளச்சி முருகேசனின் அப்பா இறந்தபோது குரூப்பில் செய்தி போட்டது நான். முருகேசன் மிளகாயும் பருத்தியும் போடுகிறவன், வாங்கிய டிரோனைப் பாதி நாள் கருவேல மரத்திலிருந்து இறக்கிக்கொண்டிருப்பவன், எனக்குக் கூட்டாளி. 'மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்' என்று போட்டேன். கீழே கும்பிட்ட கைகளாக வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவில் வந்தது: தப்பு.

எனக்கு மேலெல்லாம் எரிந்தது. செல்வி டீச்சர் எழுதினார். "சாவு வீட்டுலயுமா அண்ணாச்சி?"

டைப் செய்கிறார் என்று காட்டியது. அன்றைக்கு மட்டும் கட்டுரை வரவில்லை. "இப்பத்தான் அவுக வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரெண்டு மணிக்கே எடுக்குறாக. நாலுன்னா போய்ப் பாக்க ஒண்ணுமிருக்காது. மத்தத் தப்ப நாளைக்குத் திருத்திக்கிடலாம், சாவு வீட்டுத் தப்பத் திருத்த முடியாது டீச்சர்."

நாங்களெல்லாம் ஒன்றரைக்கே பரளச்சியில் இருந்தோம். ஆனாலும் முருகேசன் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. "எங்கப்பன் செத்ததுக்குக் கீழ தப்புன்னு போட்டவருலே அவரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனைத் தப்பு சொல்லவும் முடியாது.

குரூப் ஆட்கள் நேரில் கூடியது ஒரே ஒருமுறை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில். அண்ணாச்சி ஒரு கையில் காரச்சேவுப் பொட்டலம், இன்னொரு கையில் ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, டீ மாஸ்டரிடம் அவர் போனில் 5ஜி வராது என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கேட்கவே இல்லை. நான் அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். வாயோரத்தில் ஒரு துண்டுச் சேவு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தில்.

வினை அந்தப் படத்தில்தான் இருந்தது.

ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் பேட்டரி கெடுமா கெடாதா என்று குரூப்பில் ஒரு பழைய சண்டை உண்டு. கெடும் என்பது அண்ணாச்சி கட்சி. இப்போது வருகிற போன்கள் தானே நிறுத்திக்கொள்ளும் என்பது டீச்சர் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை முற்றி, ஓட்டெடுப்பு வைத்தேன். அண்ணாச்சிக்கு விழுந்தது அவருடைய ஓட்டு மட்டும்.

"அறிவியலுக்கு ஓட்டுப் போடுறது தப்பு" என்று எழுதினார். ஆனால் சட்டத்தை மதித்தார். மற்றவர்களைப் போல இணையத்தில் தேடிப் படத்தை எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய் ஒரு மரத்தைப் படம் பிடித்து வந்து வைத்தார். கிளையில் ஒரு நீலப் பாலித்தீன் பை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டு எழுதினார்: "இதுவரைக்கும் நீங்க எல்லாரும் வச்சது நாட்டுக் கருவேலம். தப்பு. சீமைக்கருவேலம் இதுதான்."

தோற்றவன் வாயிலிருந்து இப்படி வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும். டீக்கடைப் படத்தை எடுத்து, பின்னணியை வெட்டி, தூக்கிய விரலையும் வாயோரச் சேவையும் மட்டும் விட்டு, கீழே சிவப்புக் கொட்டை எழுத்தில் 'தப்பு.' என்று போட்டு ஸ்டிக்கராக்கி விட்டுவிட்டேன். குரூப் குலுங்கிப்போனது. பொழுது சாயும்வரை எல்லாரும் மாற்றி மாற்றி அதையே போட்டார்கள். முருகேசன் ரொம்ப நாளைக்குப் பிறகு குரூப்பில் சிரித்தான்.

அண்ணாச்சி ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளும் எழுதவில்லை. பேட்டரியை முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று யாரோ எழுதினார்கள். அவருக்குப் பிடித்தமான தப்பு அது. இலை போட்டு வைத்த மாதிரி குரூப்பில் கிடந்தது. அவர் வரவில்லை. வாரம் ஒன்று போனது.

ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் அதை யார் யார் படித்தார்கள் என்று காட்டும். அழுத்திப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் அண்ணாச்சி எல்லாவற்றையும் படித்திருக்கிறார். ஒன்று விடாமல். படிக்கிறார், பேசவில்லை. அப்படியென்றால் கோபம். கோபம் என்றால் என் மேல்தான்.

முருகேசன் போனில் சொன்னான். "ஏலே, திருச்சுழிப் பக்கம் போனேன். அண்ணாச்சி கடை பூட்டிக் கெடக்கு."

"கடையப் பூட்டுற அளவுக்கா கோவம்?"

"மூஞ்சிய ஊருக்கே பொம்மையா ஆக்கிட்டயில்ல. வக்கீலப் பாக்கப் போயிருப்பாரு."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்வதே பிழைப்பாக இருக்கிற எனக்கு அன்றைக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. ஸ்டிக்கரை அழிக்கப் பார்த்தேன். என் போனில் அழிந்தது. மற்ற எல்லார் போனிலும் அண்ணாச்சி விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதற்குள் விருதுநகரில் இருக்கிற என் மச்சினன், அவனுக்கும் இந்தக் குரூப்புக்கும் சம்பந்தமே இல்லை, அதே ஸ்டிக்கரை எனக்கு அனுப்பி 'யாரு மாமா இந்தாளு, செமயா இருக்காரு' என்று கேட்டான். அன்றைக்குத்தான் பையைக் கட்டி பீரோ மேல் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். "ஒருவாட்டி ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." என் வீட்டுக்காரியிடம் கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டிய நம்பர், லோனு கட்ட வேண்டிய தேதி எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "எதுக்கு இதெல்லாம் இப்பச் சொல்றீக?" பையையும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் வாசல் கேமராவில் குருவி கூடு கட்டி மறைத்துவிட்டதாம். கலைக்காமல் கேமராவை மட்டும் தள்ளி மாட்டச் சொன்னார்கள். "பையில என்ன, டூல்ஸா?" என்று ஏட்டு கேட்டார். ஆமாம் என்றேன்.

பயம் தெளிந்ததும் யோசித்தேன். மனுசனைப் பேச வைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் பேசுவாரா? மாட்டார். தப்பாகச் சொன்னால் பேசுவார். சரியான கேள்வியைவிடத் தப்பான பதிலுக்குத்தான் ஆள் ஓடி வரும் என்பது எங்களைப் போன்ற குரூப்பில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சூத்திரம். தூண்டிலில் புழு மாட்ட வேண்டியதுதான்.

முதல் புழுவை நான் போட்டேன். "ஏரோப்ளேன் மோடில் போட்டால் போனின் எடை குறையும்."

படித்திருந்தார். பதில் இல்லை.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவர் போட்டார். "பேட்டரியை வெயிலில் காயவைத்தால் வத்தல் மாதிரி வருசக்கணக்கில் கெடாது." முருகேசன் போட்டான். "டவருக்கு வேப்பெண்ணெய் பூசினா சிக்னல் நல்லா வரும், எங்க தோட்டத்துல பூசிப் பாத்தாச்சு." பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மோட்டாரைத் தலைகீழாக மாட்டினால் கரண்டு பில் திரும்ப வரும் என்று ஒருவர். அது அண்ணாச்சியின் தொழிலையே குத்துவது. தினமும் சாயங்காலம் ஒரு பொய்க் கச்சேரி. எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுதினோம். ஆனால் எழுதி முடித்ததும் எல்லாரும் அழுத்திப் பிடித்துப் பார்த்தோம் என்பது பிற்பாடு தெரிந்தது. அண்ணாச்சி படித்திருந்தார். மரம் பாலித்தீன் பையோடு அப்படியே நின்றது.

கடைசியில் டீச்சர்தான் எனக்குத் தனியாகப் போன் செய்தார். "அண்ணே, எனக்கு இது சரியாப் படல. மோட்டாரைத் தலைகீழா மாட்டச் சொல்லியும் ஒரு மனுசன் சும்மா இருந்தா அது கோவம் இல்ல. நேர்ல போங்க."

"போனா அடிப்பாரோ?"

"அடிச்சா வாங்கிக்கங்க."

திருச்சுழியில் கடைக்குப் பின் தெருவில் வீடு. வாசலில் சக்கர நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. அதைப் பார்த்தும்கூட என் மண்டைக்கு ஏறவில்லை. யாரோ வயசானவர்களுக்கு என்று நினைத்தேன். அக்கா கதவைத் திறந்தார். குரூப் பெயரைச் சொன்னேன்.

"நீங்கதானா அந்த அட்மினு" என்றார். குரலில் வரவேற்பு இல்லை. "உள்ள வாங்க. வந்து பாருங்க."

கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருந்தது. படத்தில் சேவு ஒட்டியிருந்த அதே ஓரம். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி போர்வை மேல் கிடந்தது.

"நீங்க மரம் வைக்கச் சொன்னதுக்கு மறுநா, திங்கக்கெழம காலைல பல்லு விளக்கப் போனவுக அப்படியே சாஞ்சுட்டாக. மதுரைக்குக் கொண்டு போனோம். உசுரத் திருப்பிட்டாக. பேச்சு வரல, எழுத வரல. எழுத்தக் கண்டா தெரியுதாம், கைல போட வர மாட்டேங்குதாம். டாக்டரு என்னமோ பேரு சொன்னாரு."

அக்கா அவர் தலையணையைச் சரிசெய்தார்.

"சாயங்காலமானா போனத்தான் பாக்குறாக. கண்ணுலேயே கேப்பாக. நானும் மூஞ்சிக்கு நேரா பிடிச்சுத் தள்ளித் தள்ளிக் காமிப்பேன். முன்னாடியெல்லாம் அமைதியாத்தான் படிச்சாக. இப்பக் கொஞ்ச நாளா, படிச்சதும் ஆஆன்னு கத்துறாக. மூஞ்செல்லாம் செவந்துபோகுது. பிரஷரு ஏறுது, எதையும் காமிக்காதீகன்னு டாக்டரு ஏசுறாரு. காமிக்கலன்னா அதுக்கும் கத்துறாக." அக்கா என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, நெசமாவே மோட்டாரத் தலகீழா மாட்டச் சொல்லுவாகளா?"

அப்போது எனக்கு ஜெயிலே பரவாயில்லை என்று தோன்றியது. அங்கேயாவது கொசுவர்த்தியோடு ஒரு மூலையில் கிடக்கலாம். ஒரு கை விழுந்து, சொல் வராமல் படுத்துக் கிடக்கிற மனிதர் முன்னால், அவரால் சகிக்கவே முடியாத ஒரே ஒரு சாமானை, கூடைகூடையாக நாங்கள் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அதுவும் பாசத்தில்.

"அக்கா, அந்த ஸ்டிக்கர்... அவுக கோவப்பட்டாகளா?"

"எது, சேவு தின்னுக்கிட்டு நிக்கிறதா? அன்னைக்குப் பூராம் அதத்தான் காமிச்சுக் காமிச்சுச் சிரிச்சாக. பக்கத்து வீட்டுக்கெல்லாம் அனுப்புனாக."

அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல்லாக வரவில்லை. என்ன சொல் என்று எனக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து போனை வாங்கினேன். அந்த ஸ்டிக்கரைத் தேடி எடுத்து, திறந்ததும் முதலாவதாக நிற்கும்படி வைத்து, அவர் இடது கைக்குள் போனை வைத்தேன். கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விரல் இறங்கியது.

என் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது.

மோட்டாரைத் தலைகீழாக மாட்டுகிற யோசனைக்குக் கீழே, கருவேல மரம் வைத்த நம்பரிலிருந்து, அண்ணாச்சி விரலைத் தூக்கி நின்றார். தப்பு. குரூப்பில் ஆளாளுக்குக் கொட்டித் தீர்த்தார்கள். நான் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, நடந்ததை எழுதிப் போட்டேன். அதற்கும் உள்ளேயிருந்து தப்பு வந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாகப் போயிருக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நிறுத்தத் தெரியாது.

அடுத்த வாரங்களில் அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தப்பு போட்டார். தப்புக்கும் போட்டார், சரிக்கும் போட்டார். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று டீச்சர் எழுதிப் பார்த்தார். தப்பு. "அண்ணாச்சி போட்டது சரிதான டீச்சர், நம்மூர்ல கொதிக்கிறதுக்கு முன்னாடியே வத்திருமே" என்றான் முருகேசன். வேறொரு சின்னக் குரூப் ஆரம்பித்து, அண்ணாச்சியைச் சேர்க்காமல், அவரைப் பற்றியே வாதம் நடத்தினோம். அவருக்கு இப்போது எதுவும் புரியவில்லை, விரல் பழக்கத்தில் அமுக்குகிறது என்பது டீச்சர் கட்சி. எல்லாம் புரிகிறது, வேண்டுமென்றே நம்மைக் கிண்டல் பண்ணுகிறார் என்பது முருகேசன் கட்சி. சோதித்துப் பார்க்கலாம் என்று சரியும் தப்பும் கலந்து போட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விரல், ஒரே சேவு. எந்தக் கட்சிக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் யாரும் ஓட்டெடுப்பு கேட்கவில்லை.

முருகேசன் ஒருநாள் பெரிய குரூப்பில், எல்லாரும் பார்க்க எழுதினான். "அண்ணாச்சி, எங்கப்பா விசயத்துல உங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

தப்பு.

எல்லாரும் சிரித்தோம்.

அதன்பிறகு ஸ்டிக்கர் குறைந்தது. ஒரு நாளுக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. படித்ததாக மட்டும் காட்டியது. பிறகு அதையும் காட்டவில்லை. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை விரல் எழவில்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மரம் வைத்த நம்பரிலிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம், வெட்கம்கெட்ட சந்தோஷம். பிறகு படித்தேன். அக்கா எழுதியிருந்தார். 'அவுக இன்று மதியம் இறந்துவிட்டாக. நாளை புதன்கிழமை காலை பத்து மணிக்கு எடுக்கிறோம்.'

அன்றைக்குத் திங்கள். நாளை என்றால் செவ்வாய். புதன் என்றால் நாளை இல்லை.

பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கு மட்டுமா தெரிந்தது? மேலே 'செல்வி டைப் செய்கிறார்' என்று காட்டியது. நின்றது. 'முருகேசன் டைப் செய்கிறார்' என்றது. நின்றது. நானும் "அக்கா, செவ்வாயா புதனா" என்று எழுதினேன். தாலியறுத்த கை அந்தப் போனைப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அழித்துவிட்டேன். கும்பிட்ட கைகளாக வரிசையாக விழ ஆரம்பித்தன. நானும் ஒன்று போட்டேன்.

பெங்களூரில் இருக்கிற அண்ணாச்சி மகள் வரவேண்டுமே, அதற்காகத்தான் ஒரு நாள் வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்மின் அல்லவா, தீர்ப்பு என்னுடையது. 'புதன் காலை எட்டரைக்கு எல்லாரும் பஸ் ஸ்டாண்டு வந்துருங்க, வண்டி சொல்லியாச்சு' என்று போட்டேன். யாரும் மறுத்து எழுதவில்லை.

புதன்கிழமை ஒரு வேன் நிறையப் போனோம். முருகேசன் மடியில் ரோஜா மாலை. திருச்சுழி தெருமுனையில் பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசல் கழுவி ஈரமாக இருந்தது. சங்குச் சத்தம் எங்கேயும் இல்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்து, மாலையையும் எங்களையும் பார்த்தார்.

"நேத்தே எடுத்தாச்சே தம்பி."

டீச்சர் தன் போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினார். அக்கா கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். "புதன்னா போட்டேன்?" என்றார். இன்னொரு தரம் படித்தார். "இத்தன பேரு இருக்கீக. ஒருத்தருகூடச் சொல்லலையே."

அவர் இறந்தது திங்கட்கிழமை. எடுத்தது செவ்வாய்க்கிழமை. நாங்கள் போனது புதன்கிழமை.